வில்லும் நாட்டுத் துப்பாக்கியும்: தென்னிந்திய மான் வேட்டை முறைகளும் வேட்டை அறமும்

முன்னுரை

மனிதன் உணவுக்காக மேற்கொண்ட தொழில்களுள் வேட்டை மிகத் தொன்மையானது. மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காவின் பாறைக் குகைகளில் வில்லேந்திய மாந்தரும் மான் கூட்டங்களும் அருகருகே தீட்டப்பெற்றுள்ளமை இத்தொன்மைக்குச் சான்றாகும். தமிழிலக்கியம் குறிஞ்சித் திணையின் தொழில்களுள் ஒன்றாக வேட்டையைக் கொண்டுள்ளது. குறவர், வேட்டுவர், எயினர் ஆகிய குடிகளின் வாழ்வு வில்லோடும் அம்போடும் பிணைத்தே பாடப்பெற்றுள்ளது.

வேட்டையின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அரசர்களின் வேட்டையையோ ஆங்கிலேய அதிகாரிகளின் வேட்டையையோ முதன்மைப்படுத்துவர். உணவுக்காகவும் பயிர்க்காவலுக்காகவும் வேட்டையாடிய எளிய மக்களின் முறைகள் ‘திருட்டு வேட்டை’ என்னும் ஒற்றைப் பெயருள் அடக்கப்பட்டுவிடுகின்றன. மான் வேட்டையின் கருவிகளையும் முறைகளையும் இலக்கியம், வரலாறு, சட்டம் ஆகிய மூவகைச் சான்றுகளின் வழி நிரல்படுத்தி, அவற்றுள் எவை அறமாகவும் எவை குற்றமாகவும் கொள்ளப்பட்டன என்பதையும், அவ்வாறு வரையறுத்தவர் யாவர் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் நூல்களில் மானும் வேட்டை முறைகளும்

வேட்டையாடுவோனுக்கு முதற்கண் வேண்டுவது விலங்கைப் பற்றிய அறிவாகும். அவ்வறிவு மொழியிலும் படிந்துள்ளது. தொல்காப்பிய மரபியல் புல்வாய், நவ்வி, உழை ஆகியவற்றின் பெண்ணைப் ‘பிணை’ எனவும், இளமையை ‘மறி’ எனவும் வகுக்கிறது. புல்வாயின் ஆணுக்குக் கலை, இரலை என்னும் பெயர்கள் உரியனவாகின்றன. கடமான், புள்ளிமான் முதலியனவும், இன்றைய விலங்கியல் மானினத்தில் சேர்க்காத இரலையும் மக்கள் வழக்கில் ‘மான்’ என்னும் பொதுப்பெயருள் அடங்கின. எனினும் ஆண், பெண், குட்டி ஆகியவற்றைத் தனித்தனியே பெயரிட்டு வழங்கிய மரபு, எதனை எய்வது, எதனை விடுவது எனத் தெரிந்து செயற்படுதற்கும் துணைநின்றிருக்கும் எனக் கருத இடமுண்டு.

வில்லாற்றலின் உச்சமாகப் புறநானூறு காட்டுவது வல்வில் ஓரியின் வேட்டையாகும். கொல்லிமலைத் தலைவனான அவன் எய்த ஓரம்பு யானை, புலி, கலைமான், பன்றி ஆகியவற்றை வீழ்த்திப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியதாக வன்பரணர் பாடுகிறார். இது புலவரின் உயர்வு நவிற்சி எனினும், வில்லின் விசையே தலைவனின் புகழுக்கு அளவுகோலாக இருந்தமை இதனாற் புலனாகும்.

நடைமுறை வேட்டையோ இதனின் வேறுபட்டது. மரத்தாலும் மூங்கிலாலும் ஆகிய வில்லைக் கொண்டு மானை உறுதியாக வீழ்த்த வேண்டுமாயின், வேடன் இருபது முப்பது அடி அணுக்கத்திற்குச் சென்றாக வேண்டும். மானோ மோப்பத்தாலும் செவியாலும் பகையை அறிந்து விரைந்து ஓடும் இயல்பினது. எனவே காற்று வீசும் திசைக்கு எதிராக நகர்தல், நிழலில் அசைவின்றி நிற்றல், மான் தலைதாழ்த்தி மேயும் கணத்தில் மட்டுமே நாணை இழுத்தல் ஆகியன வில்வேட்டையின் அடிப்படைப் பாடங்களாயின. அம்பு பட்ட மான் பெரும்பாலும் உடனே வீழ்வதில்லை. குருதி இழந்தே சாகிறது. உடனே துரத்தினால் அது நெடுந்தொலைவு ஓடிவிடும். ஆகையால் சிறிது பொழுது பொறுத்திருந்து, குருதித் துளியையும் குளம்புச் சுவட்டையும் பின்பற்றிச் செல்வதே முறை. அம்பு எய்யும் திறனைக் காட்டிலும் சுவடறியும் திறனே வேடனுக்கு இன்றியமையாதது.

வில்லொன்றையே நம்பி வேடர் வாழ்ந்தாரல்லர். பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பை விரித்துரைக்கும் பகுதி வேட்டை வரலாற்றுக்கு அரியதோர் ஆவணம் எனலாம். குழந்தை ஈன்ற எயிற்றி மான்தோல் விரித்த படுக்கையில் கிடக்கிறாள். முற்றத்து விளாமரத்தில் ‘பார்வை’ விலங்கு கட்டப்பட்டுள்ளது. காட்டு விலங்குகளை அருகே ஈர்ப்பதற்காகப் பழக்கி வளர்க்கப்படும் விலங்கே பார்வை ஆகும். மானின் அடிச்சுவடு பதிந்த வழிகளின் பக்கத்தே, நீருண்ண வரும் விலங்கை எதிர்நோக்கிக் குழியுள் ஒளிந்திருந்து நள்ளிரவில் பன்றியை வேட்டையாடுவதும், பகலில் நாய்களை ஏவிப் புதர்களை அடித்து, வலை கட்டி முயல்களை வளைப்பதும் அதே பகுதியில் இடம்பெறுகின்றன. பழக்கிய விலங்கு, நீர்நிலைக் குழி, இரவுக் காவல், நாய், வலை ஆகிய ஐந்தும் ஒரே குடியிருப்பின் வேட்டை முறைகளாக இங்குத் தொகுக்கப்பெற்றுள்ளமை கருதத்தக்கது. இவ்வைந்தின் பிற்கால நிலை பின்னர்ச் சுட்டப்பெறும்.

கன்னிவேட்டையும் வேட்டை அறமும்

வேட்டைத் தொழிலில் ஓர் இளைஞன் புகும் முறையை விரிவாகக் காட்டும் தமிழ் நூல் சேக்கிழாரின் பெரியபுராணம் ஆகும். 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இந்நூலின் கண்ணப்ப நாயனார் வரலாறு, பக்தி நிலையில் மட்டுமன்றிச் சமுதாய வரலாற்று நிலையிலும் பயிலத்தக்கது. பொத்தப்பி நாட்டு உடுப்பூரின் வேடர் தலைவன் நாகன் தன் மகன் திண்ணனுக்கு வில்வித்தை தொடங்குவதை ஊரறிந்த விழாவாக நடத்துகிறான். பயிற்சி முற்றிய பின்னரே முதல் வேட்டையாகிய கன்னிவேட்டைக்குத் திண்ணன் அனுப்பப்பெறுகிறான். வில்லைக் கையிற் கொள்ளுதல் தனியொருவனின் விருப்பமாக இல்லாமல் குடியின் இசைவோடு நிகழும் ஒரு தகுதிப்பேறாக இருந்தமை இதனால் அறியப்படும்.

இவ்வேட்டைக்குக் காரணமாகச் சேக்கிழார் கூறுவதும் நோக்கத்தக்கது. நாகன் முதுமையடைந்து வேட்டை தளர்ந்தமையால் விலங்குகள் மிகுந்து புனங்களை அழிக்கின்றன எனக் குடிகள் வந்து முறையிடுகின்றனர். ஆகவே, வேட்டை உணவுத் தேவையோடு பயிர்க்காவற் கடமையாகவும் இருந்தது.

அனைத்தினும் முதன்மையானது, இவ்வேட்டையில் வேடர் கடைப்பிடிக்கும் வரையறையாகும். யானைக் கன்றுகளை அவர்கள் தொடர்வதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்று அடிதளர்ந்த பிணைகளை வருத்துவதில்லை. கொலைத்தொழில் புரியும் மறவர் என அவர்களைக் குறிக்கும் அதே இடத்திலேயே இவ்வறத்தையும் சேக்கிழார் பொருத்திக் காட்டுகிறார். சோழப் பேரரசின் அமைச்சராக இருந்த புலவர் ஒருவர், காட்டுக் குடிகளுக்குத் தமக்கென ஓர் அறம் உண்டு என்பதை ஏற்றுப் பாடியுள்ளமை இங்கு அழுத்தம் பெறுகிறது.

இதிகாசங்களும் வரைமுறையற்ற வேட்டையைப் பழித்துரைக்கின்றன. இரவில் நீர்நிலையருகே ஒலியை மட்டும் குறிவைத்து எய்த தசரதன் முனிவரின் மகனைக் கொன்றான். இணைந்திருந்த மான் வடிவினரை எய்த பாண்டு சாபம் பெற்றான். குறி தெளியாது எய்தலும், இணைசேரும் காலத்து விலங்கைக் கொல்லுதலும் அரசனாயினும் பிழையே என்பது இக்கதைகளின் உட்கிடக்கை. வேடர் வழிபட்ட கொற்றவைக்குக் கலைமானே ஊர்தியாகக் கூறப்படுவதையும் இவ்விடத்துக் கருதலாம். கொல்லப்படும் விலங்கே தெய்வத்தின் ஊர்தியாகவும் நிற்பது வேட்டைக் குடிகளின் சமய உணர்வைப் புலப்படுத்துகிறது.

அரசர் வேட்டை

அரசர்க்கு வேட்டை உணவுத் தேவையன்று; ஆற்றலின் வெளிப்பாடும் பொழுதுபோக்கும் ஆகும். அசோகரின் முதலாம் பாறைக் கட்டளை, அரண்மனை அடுக்களைக்கு நாளும் இரு மயில்களும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படுவதாகவும், மானும் எந்நாளும் கொல்லப்படுவதில்லை எனவும் அறிவிக்கிறது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் மான் வேட்டையை அரசனின் விளையாட்டுகளுள் ஒன்றாக வைத்து விளக்குகிறது.

முகலாயர் காலத்தில் அரசர் வேட்டை பெருநிகழ்வாயிற்று. படைவீரரைக் கொண்டு பரந்த நிலப்பரப்பை வளைத்து விலங்குகளை நடுவே குவிக்கும் ‘கமர்கா’ வேட்டையை அக்பர் நடத்தினார். பழக்கிய சிவிங்கிகளை ஏவி இரலைகளைப் பிடிப்பதையும், பழக்கிய மானின் கொம்பில் வலை பொருத்திக் காட்டு மானைச் சிக்கவைப்பதையும் அயினி அக்பரி விளக்குகிறது. பின்னைய முறை எயினர் முற்றத்துப் ‘பார்வை’யின் அரண்மனை வடிவமே எனலாம். ஜகாங்கீர் பன்னிரண்டாம் அகவை முதல் தம் ஆட்சியின் பதினோராம் ஆண்டு வரை தம் முன்னிலையில் வீழ்த்தப்பட்ட 28,532 உயிர்களுள் 17,167 உயிர்களைத் தாமே கொன்றதாகத் தம் நினைவுக்குறிப்பில் கணக்கிட்டுள்ளார். அவரே தாம் வளர்த்த இரலை ஒன்று இறந்தபோது லாகூர் அருகே சேக்குபுராவில் அதற்கு நினைவிடம் அமைத்து, அப்பகுதியில் மான் வேட்டையை விலக்கினார். கொல்லும் உரிமையும் காக்கும் உரிமையும் அரசன் ஒருவனிடமே குவிந்தமையை இவ்விரு செய்திகளும் ஒருங்கே காட்டுகின்றன.

மருந்தும் குண்டும்

துருக்கி மொழி வழியாகத் தமிழுக்கு வந்த ‘துப்பாக்கி’ என்னும் சொல்லே அக்கருவியின் வரவைச் சுட்டும். 16ஆம் நூற்றாண்டு முதல் திரித் துப்பாக்கி இந்தியாவெங்கும் பரவியது. கொல்லர் பட்டறையிலேயே இதனைச் செய்யவும் செப்பனிடவும் இயன்றமையால் பாளையக்காரர் படைகளிலும் சிற்றூர்களிலும் அது இடம்பெற்றது.

இத்துப்பாக்கியின் இயக்கம் எளியது. வெடியுப்பு முக்காற் பங்கும், கரியும் கந்தகமும் எஞ்சிய பங்குமாகச் சேர்ந்த மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, நார் அல்லது துணியால் அடைத்து, ஈயக் குண்டையோ இரவைகளையோ இட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குழலின் அடிப்பக்கத் துளையருகே உள்ள சிறு கிண்ணத்தில் பற்றவைக்கும் மருந்தை வைத்து, எரியும் திரியை அதில் படச்செய்தால் வெடிக்கும். பின்னர்த் திரிக்கு மாற்றாகச் சக்கிமுக்கிக் கல்லும், 19ஆம் நூற்றாண்டில் தட்டினால் வெடிக்கும் ‘கேப்பு’ம் வந்தன. மழையிலும் பனியிலும் மருந்து நமத்துவிடும். ஒருமுறை சுட்ட பின் மீண்டும் கெட்டிப்பதற்குள் மான் மறைந்துவிடும். உள்வரி இல்லாக் குழலிலிருந்து செல்லும் குண்டு தொலைவில் குறி தவறும். ஆகவே நாட்டுத் துப்பாக்கி ஏந்தியவனும் வில்லேந்தியவனைப் போலவே ஒளிந்து, நெருங்கி, ஒரே குறியில் தன் வேட்டையை முடிக்க வேண்டியவனாக இருந்தான். கருவி மாறினும் முறை மாறவில்லை.

தென்பாண்டி நாட்டில் வில்லுக்கும் துப்பாக்கிக்கும் இணையாக வளரியும் வேட்டைக்குப் பயன்பட்டது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலிற் கற்பித்தவர் சின்ன மருது என ஆங்கிலப் படைத்தலைவர் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். 1801இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் வெளியான அரசறிக்கை பாளையப் பகுதிகளில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. போரின் விளைவாக வந்த இத்தடை, வேட்டைக் கருவியும் போர்க்கருவியும் வேறுபடாத ஒரு சமுதாயத்தில் வேட்டையையும் தாக்கியது.

உரிமமும் குற்றமும்

1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின்னர் ஆயுதக் கட்டுப்பாடு இந்தியா முழுமைக்கும் விரிந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. குடகு நாட்டவர்க்குத் தனி விலக்கு கிடைத்தது. நாற்று நடவுக் காலத்தில் ஆயுதங்களை ஒதுக்கி வைத்து, நடவு முடிந்து ‘கைல்போள்து’ திருநாளில் வழிபட்ட பின்னரே வேட்டைக்குப் புறப்படுவது குடகர் மரபாகும். வேளாண்மையை ஒட்டி அமைந்த இவ்வழக்கத்தால் ஆண்டின் ஒரு பகுதி வேட்டையற்ற காலமாயிற்று.

நீலகிரியில் 1877இல் ஐரோப்பியர் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கத்தை நிறுவினர். அதனைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசு 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கடமான் உள்ளிட்ட விலங்குகளுக்கு வேட்டை விலக்குக் காலம் அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கு வந்தது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம், ஒதுக்குக் காடுகளில் விதிகளை மீறி வேட்டையாடுதல், நீரில் நஞ்சிடல், பொறியும் கண்ணியும் வைத்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கியது. 1912ஆம் ஆண்டு காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் விலக்குக் காலத்தை நாடளாவிய விதியாக்கியது. எனினும் உடைமையைக் காக்க நேர்மையாகக் கொல்வதற்கு அது இடமளித்தது. உழவர் பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்று நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்ததும் இதே கருத்தின் அடிப்படையிலேயே ஆகும்.

இச்சட்டங்களால் நன்மை விளையவில்லை எனக் கூறவியலாது. தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்து, தொலைவிலிருந்தே சுடும் புதிய வரித் துப்பாக்கிகள் பெருகிய காலத்தில் கட்டுப்பாடு தேவையாயிற்று. ஆயினும், அக்கட்டுப்பாடு யார் மீது விழுந்தது என்பதே வினா. மகேஷ் ரங்கராஜன், ஜான் மெக்கன்சி முதலிய வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளவாறு, காலனிய வேட்டை நெறி ‘விளையாட்டு வீரர்’, ‘திருட்டு வேடர்’ என்னும் இரு பிரிவினைப் படைத்தது. பகலில், வரித் துப்பாக்கியால், கொம்பு முதிர்ந்த ஆணைத் தேடிச் சென்று சுடுவது விளையாட்டு. வலை, குழி, இரவுக் காவல், மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஆகியன திருட்டு. உணவு தேடுவோனுக்குக் கொம்பின் நீளம் பொருளன்று. கூலிக்கு உழைப்போனுக்குப் பகற்பொழுது ஓய்வன்று. அவ்வாழ்வியல் வேறுபாடே இங்குக் குற்றமாக மாற்றம் பெற்றது. துரைமாரின் வேட்டையில் சுவடு கண்டு மானிடம் அழைத்துச் சென்ற வழிகாட்டிகள் பெரும்பாலும் அக்காட்டுக் குடிகளே என்பது இதன் முரண்.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள்

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றிலும் விலக்கவில்லை. உரிம முறையைக் கொண்டிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்ட அதன் 17ஆம் பிரிவு வேட்டை முறைகளின் வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. வலை, குழி, கண்ணி, இரவு வேட்டை, நீர்நிலையிலும் அதற்குச் செல்லும் வழியிலும் வேட்டையாடல், நாய் கொண்டு வேட்டையாடல் ஆகியவற்றை அது தடுத்தது. பெருவிலங்குகளை வரித் துப்பாக்கியால் சுடுவதையே பொதுவிதியாகக் கொண்டது. பெரும்பாணாற்றுப்படை தொகுத்துரைத்த ஐந்து முறைகளுள் பார்வை ஒழிந்த நான்கும் இப்பட்டியலில் இடம்பெற்றுள்ளமை காண்க.

அதே சட்டம் குட்டிகளையும், குட்டியோடு கூடிய பெண் விலங்கையும், கொம்பு முற்றாத மானையும் கொல்வதைத் தடுத்தது. இது சேக்கிழாரின் வேடர் கடைப்பிடித்த வரையறைக்கு மிக அணுக்கமானது. வேடரின் அறம் சட்டத்தில் இடம்பெற்றது. வேடரின் கருவியும் முறையும் விலக்கப்பட்டன. அவ்வறம் வேடருடையதும் ஆகும் என்னும் நினைவு சட்டத்தின் எழுத்தில் இல்லை.

1991ஆம் ஆண்டுத் திருத்தம் விளையாட்டு வேட்டையை முடிவுக்குக் கொணர்ந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுக் குடிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்டு, நிலம், விளைபொருள், மேய்ச்சல் முதலிய உரிமைகளை ஏற்றது. ஆனால், மரபுரிமைகளுள் வேட்டையாடும் உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது. குடகரின் துப்பாக்கி விலக்கு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை நீட்டிக்கப்பட்டது. துப்பாக்கி வழிபாட்டுப் பொருளாக நிற்கிறது, வேட்டை நினைவாகிவிட்டது.

அமெரிக்க ஒப்பீடு

இதே கருவிகள் வேறொரு நாட்டில் அடைந்த நிலையோடு ஒப்பிடுதல் பயன் தரும். கலிபோர்னியாவின் யாகி இனத்தின் எஞ்சிய ஒருவராக 1911இல் வெளிப்பட்ட ‘இஷி’ என்பாரிடம் மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில்வித்தையும் மானை நெருங்கும் முறையும் கற்றார். இஷி 1916இல் மறைந்தார். போப் 1923இல் வில்வேட்டை பற்றி எழுதிய நூல் பலரை அக்கலையின்பால் ஈர்த்தது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லால் மான் வேட்டையாடத் தனிப் பருவத்தை ஒதுக்கியது. பென்சில்வேனியா 1974இல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கெனத் தனிப் பருவம் அமைத்தது. நெருங்கிச் செல்ல வேண்டியமை, ஒரே குறி, மெதுவாகக் கெட்டித்தல் ஆகிய குறைகளே அங்கு வேட்டைக்கு நேர்மை சேர்க்கும் சிறப்புகளாகப் போற்றப்பட்டன. இந்தியாவில் அவை வறியவனின் கருவிக்குரிய குறைகளாகவே நின்றன. எனினும் இரு நாட்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு. கலையைக் கற்பித்த குடி பின்னுக்குத் தள்ளப்பட்டது. கற்றவர் பெயரே நிலைத்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. வில்லும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியும் அணுக்கம், பொறுமை, ஒரே குறி ஆகியவற்றை வேண்டுவன. அவ்வகையில் அவை ஒரே வேட்டை முறையின் இரு படிநிலைகளாகும். கருவுற்றதையும் குட்டியையும் விடுதல், வேளாண் பருவத்தை ஒட்டி வேட்டையை நிறுத்துதல் முதலிய கட்டுப்பாடுகள் காலனியச் சட்டத்திற்கு முன்பே மரபில் இருந்தன. வேட்டை விளையாட்டா, குற்றமா என்பதைக் கொல்லப்பட்ட மானைக் காட்டிலும் கொன்றவரின் கையிலிருந்த கருவியும் அவரது சமுதாய நிலையுமே முடிவு செய்தன.

காடு சுருங்கிவிட்ட இக்காலத்தில் மான் வேட்டைக்கு இடமில்லை என்பதில் ஐயமில்லை. ஆயின் வேட்டை நின்றதால் வேட்டையோடு வளர்ந்த அறிவும் மறைய வேண்டுவதில்லை. சுவடு காணல், விலங்கின் நீர்வழி, மேய்வழி அறிதல், பருவம் தெரிதல் ஆகிய திறன்களைக் காட்டுக் குடிகள் நெடுங்காலம் காத்து வந்துள்ளனர். அவர்தம் சொற்களும் வழக்குகளும் வாய்மொழிக் கதைகளும் தொகுக்கப்பெற்றால், சங்க நூல்களின் வேட்டைப் பகுதிகளுக்குப் புதிய விளக்கம் கிடைப்பதோடு, அவர்களைக் குற்றவாளிகளாக மட்டுமே பதிவு செய்துள்ள ஆவணங்களுக்கு மாற்றான வரலாறும் உருவாகும்.